நான் வரைந்த இரண்டாவது அம்பு

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தேர்வுக்கு முந்தைய வாரம் இயற்பியல் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். நிலா ஏன் பூமியில் வந்து விழவில்லை என்பதுதான் சந்தேகம். நான் யோசிக்கவே இல்லை, பதில் கையிலேயே இருந்தது. அவள் நோட்டில் ஒரு வட்டம் போட்டேன். நடுவில் பூமி, வட்டத்தின் மேல் நிலா. நிலாவிலிருந்து பூமியை நோக்கி ஓர் அம்பு வரைந்து, இது ஈர்ப்பு விசை என்றேன். அதற்கு நேர் எதிராக வெளிப்பக்கம் அதே நீளத்தில் இன்னோர் அம்பு வரைந்து, இது மையவிலக்கு விசை என்றேன். இரண்டும் சமமாக இருப்பதால்தான் நிலா உள்ளேயும் வராமல் வெளியேயும் ஓடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று முடித்தேன். எனக்குப் பள்ளியில் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள். இத்தனை வருடமும் அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை ஒரு பாடம் பின்னால் புரட்டினாள். "சித்தி, ரெண்டு விசையும் சமம்னா மொத்த விசை பூஜ்யம்தானே? விசை பூஜ்யம்னா பொருள் நேர்கோட்டுல போகும்னு நியூட்டனோட முதல் விதில இருக்கு. அப்போ நிலா நேரா போயிருக்கணுமே. எதுக்கு வட்டமா போகுது?"

என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. கேள்வி கடினமாக இருந்ததால் அல்ல. அது அவ்வளவு எளிதாக இருந்தும் முப்பது வருடமாக எனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் உறுத்தியது. முதல் விதி எனக்கும் தெரியும். வட்ட இயக்கமும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. அவள் வைத்துப் பார்த்தாள், என் படம் ஒரே வாக்கியத்தில் உடைந்துபோனது.

தோளில் பட்ட அழுத்தம்

அந்த இரண்டாவது அம்பை நான் ஏன் அவ்வளவு நிச்சயமாக வரைந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். புத்தகம் சொன்னது மட்டும் காரணமில்லை, என் உடம்பும் அதையேதான் சொல்லியிருந்தது. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறோம். வண்டி சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, தோள் பக்கவாட்டுத் தகட்டில் போய் அழுந்துகிறது. யாரோ வெளியே தள்ளுவது போலத்தான் இருக்கிறது. இதை அனுபவிக்காதவர் யார்? உடம்பே சாட்சி சொல்லும் ஒன்றை எப்படிச் சந்தேகப்படுவது?

ஆனால் அதே காட்சியை ஓர் உயரமான இடத்திலிருந்து, அசையாமல் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். பேருந்தின் கூரை கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். வண்டி நேராக வருகிறது, நானும் உள்ளே அதே வேகத்தில் நேராக வருகிறேன். சாலை இடப்பக்கம் வளைகிறது. சக்கரங்களைச் சாலையின் உராய்வு இடப்பக்கம் தள்ளுகிறது, வண்டி திரும்புகிறது. என்னைத் திருப்ப இன்னும் யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதனால் நான் பாட்டுக்கு நேராகவே போகிறேன். திரும்பும் வண்டியின் வலப்பக்கத் தகடு என் பாதையில் குறுக்கே வருகிறது. அது என் தோளில் மோதி, என்னை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்குப் பிறகுதான் நானும் வண்டியோடு சேர்ந்து திரும்புகிறேன்.

அப்படியானால் என் தோளில் பட்ட அழுத்தம் எந்தத் திசையில் இருந்தது? உள்நோக்கி. வளைவின் மையத்தை நோக்கி. இத்தனை வருடமும் வெளியே தள்ளும் விசை என்று நான் நம்பியது உள்ளே தள்ளிய தகட்டைத்தான். விசை உண்மை, அழுத்தம் உண்மை, அதன் திசையை மட்டும் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

இது புரிந்ததும் எழுந்துபோய் விளக்கைப் போட்டு ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். இரவு இரண்டு மணி இருக்கும்.

கயிற்றை விட்ட கணம்

மறுநாள் வெறும் வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. பழைய துணியை இறுக்கிச் சுருட்டிப் பந்தாகக் கட்டி, அதில் ஒன்றரை மீட்டர் கயிறு முடிந்து, அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். நடுவில் நின்று பந்தைத் தலைக்கு மேல் சுழற்றினேன். எனக்கு நேர் எதிரே தண்ணீர்த் தொட்டி. பந்து என் முன்பக்கம் வரும்போது வலமிருந்து இடமாகப் போகும்படி சுற்றினேன். "பந்து சரியாகத் தொட்டிக்கு நேராக வரும்போது கயிற்றை விடப்போகிறேன். எங்கே போய் விழும்?" என்று கேட்டேன். "தொட்டி மேலதான் அடிக்கும். வெளிய தள்ளுற விசை அந்தப் பக்கம்தானே இருக்கு" என்றாள். என் படத்தை வைத்துத்தான் சொன்னாள்.

சரியான கணத்தில் விடுவது லேசில்லை. நாலைந்து தடவை முந்தியும் பிந்தியும் போனது. ஆனால் ஒரு தடவைகூடப் பந்து தொட்டிப் பக்கம் போகவில்லை. சரியாக விட்ட தடவையில் தொட்டிக்கு இணையாகப் பறந்து, இடப்பக்கக் கைப்பிடிச் சுவரில் போய் அடித்தது. வெளியே தள்ளும் விசை ஒன்று இருந்திருந்தால், உள்ளே இழுத்த கயிறு போன பிறகு அது மட்டும் தனியாக மிஞ்சியிருக்க வேண்டும், பந்தை அந்தத் திசையில் கொண்டுபோயிருக்க வேண்டும். ஒன்றும் மிஞ்சவில்லை. பந்துக்கு அந்த நொடியில் என்ன திசைவேகம் இருந்ததோ, அதே திசையில், அதாவது வட்டத்தை அந்த ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுச் செல்லும் தொடுகோட்டில் போனது. சாணைக்கல்லில் தீப்பொறி பறப்பதை நினைத்துப் பாருங்கள். கல்லின் மையத்திலிருந்து வெளியே தெறிக்காது, விளிம்பைத் தொட்டுக்கொண்டு நேர்கோடாகத்தான் போகும். சம்மட்டி எறியும் வீரரும், தான் எறிய வேண்டிய திசையில் குண்டு நீண்டு நிற்கும்போது விடுவதில்லை. அது பக்கவாட்டில் இருக்கும்போதே விட்டுவிடுகிறார்.

அவள் பந்தை எடுத்துவந்து தானே சுழற்றினாள். வேகத்தைக் கூட்டக் கூட்டக் கயிறு கையை அறுக்கிறது என்றாள். அதே ஆரத்தில் வேகம் இரண்டு மடங்கானால் கயிறு நான்கு மடங்கு இழுக்க வேண்டும், வேகத்தின் வர்க்கத்தில் போகும் கணக்கு அது. வளைவில் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு வரும் வண்டி ஏன் சறுக்குகிறது என்பதும் இதுதான். சாலையின் உராய்வால் அவ்வளவுதான் உள்நோக்கித் தள்ள முடியும். அது போதாமல் போகும்போது வண்டியை யாரும் வெளியே தூக்கி எறிவதில்லை. வண்டி, தான் திரும்ப வேண்டிய அளவு திரும்பவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அவள் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். "சரி, வெளிய தள்ள யாரும் இல்ல, உள்ள இழுக்குறது மட்டும்தான் இருக்கு. அப்போ பந்து ஏன் என் கைக்கு வந்து சேரல?" முதல் கேள்வியைவிட இது ஆழமானது என்று நினைக்கிறேன். விசை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பொருள் போக வேண்டும் என்று நம் எல்லோருக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை இருக்கிறது. விசை மாற்றுவது பொருளின் இடத்தை அல்ல, திசைவேகத்தை. ஏற்கெனவே பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பொருளை உள்நோக்கி இழுத்தால், அது தன் ஓட்டத்தை விட்டுவிடாது, ஓட்டத்தின் திசைதான் கொஞ்சம் உள்நோக்கித் திரும்பும். அடுத்த நொடியில் இன்னும் கொஞ்சம். ஓட்டத்துக்குச் செங்குத்தாகவே இழுத்துக்கொண்டிருந்தால் வேகம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது, திசை மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். அதுதான் வட்டம்.

நியூட்டனின் அம்பும் முதலில் வெளிப்பக்கம்தான்

இதைத் தேடிப் படிக்கும்போது கிடைத்த ஒரு விஷயம் என் மனதை மிகவும் ஆற்றியது. வட்டத்தில் சுற்றும் பொருள் மையத்தைவிட்டு எவ்வளவு விலகப் பார்க்கிறது என்ற கணக்கை 1659-இல் போட்டவர் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ். மையவிலக்கு என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். அந்த முடிவுகள் 1673-இல் வெளியான அவருடைய ஊசல் கடிகார நூலின் கடைசியில் அச்சாயின. 1660-களில் நியூட்டனும் தனியாக அதே கணக்கைப் போட்டார். அப்போது அவருடைய குறிப்புகளில் இருப்பது, நிலா பூமியைவிட்டு விலகிப்போக எவ்வளவு முயல்கிறது என்பது. அதாவது வெளிப்பக்க அம்பு. நான் நோட்டில் போட்ட அதே அம்பு.

திருப்பம் 1679 நவம்பரில் வந்தது. ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் நியூட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோள்களின் இயக்கத்தை, தொடுகோட்டில் நேராகப் போகும் ஓர் ஓட்டமும் மையத்தை நோக்கி இழுக்கும் ஓர் ஈர்ப்பும் கலந்ததாகப் பார்க்கலாமே, அதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அதில் கேட்டிருந்தார். வெளிப்பக்க அம்பு இதில் இல்லை. ஒரு நேர்கோடு, ஓர் உள்நோக்கிய இழுப்பு, இவ்வளவுதான். ஹூக்கால் அதைக் கணிதமாக்க முடியவில்லை, நியூட்டனால் முடிந்தது. 1684 ஆகஸ்டில் வானியலாளர் ஹாலி நேரில் வந்து கோள்களின் பாதையைப் பற்றிக் கேட்ட பிறகு நியூட்டன் எழுதி அனுப்பிய சிறு கட்டுரையில்தான் மையநோக்கு விசை என்ற சொல் வருகிறது. ஹைகன்ஸின் சொல்லை அப்படியே திருப்பிப் போட்டு அவர் உண்டாக்கிய சொல் அது. பின்னால் யாருக்குப் பெருமை என்பதில் ஹூக்குக்கும் நியூட்டனுக்கும் பெரிய கசப்பு ஏற்பட்டது. கணிதம் முழுக்க நியூட்டனுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பி வைத்தது ஹூக். அந்தக் கடிதத்துக்கு உரிய மரியாதையை அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். நிலா ஏன் விழவில்லை என்ற கேள்வியே பிழை. நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அது ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு கி.மீ. ஓடுகிறது. அந்த ஒரு நொடியில், நேர்கோட்டில் போயிருந்தால் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்திலிருந்து பூமியின் பக்கம் சுமார் 1.4 மி.மீ. இறங்கியிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. இவ்வளவு சின்ன இறக்கம் இடைவிடாமல் சேர்ந்து, 27.3 நாளில் ஒரு முழுச் சுற்றாகிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நிலா பூமியின் மையத்திலிருந்து சுமார் 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. நாம் நிற்பது மையத்திலிருந்து 6,371 கி.மீ. தொலைவில். நிலா நம்மைவிட ஏறக்குறைய 60 மடங்கு தூரம். ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது என்றால், அங்கே அது 3,600-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. ஒரு நிமிடம் என்பது 60 நொடி, அதன் வர்க்கமும் 3,600. ஆக, இங்கே கையிலிருந்து விட்ட கல் முதல் ஒரு நொடியில் விழும் அதே 4.9 மீட்டரை, நிலா ஒரு நிமிடத்தில் விழ வேண்டும். நிலாவின் தூரத்தையும் சுற்றும் காலத்தையும் வைத்துத் தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 4.9 மீட்டர்தான் வருகிறது. நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். கல்லை இழுப்பதும் நிலாவை இழுப்பதும் ஒன்றுதான் என்று நியூட்டன் உலகத்துக்குச் சொன்னதன் சாரம் இந்த ஒரு பொருத்தத்தில் இருக்கிறது.

செயற்கைக்கோளும் இதே கதைதான். பூமியின் உருண்டை வளைவால், 8 கி.மீ. போனால் தரை ஏறக்குறைய 5 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு நொடியில் பொருள் விழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே காற்று குறுக்கே நிற்காவிட்டால், நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் கிடையாக எறிந்த கல் விழ விழ, தரையும் அதே அளவு விலகிக்கொண்டே போகும். கல் விழுவதை நிறுத்துவதே இல்லை, தரையைத் தொடுவதும் இல்லை. மலை உச்சியிலிருந்து மேலும் மேலும் வேகமாகச் சுடப்படும் குண்டைக் கற்பனை செய்து நியூட்டன் இதை விளக்கினார்.

விண்வெளி நிலையத்தில் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பு இல்லாததால்தானே என்று அவளும் கேட்டாள், நானும் வெகுகாலம் அப்படியே நினைத்திருந்தேன். நிலையம் தரையிலிருந்து 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு இங்கே இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் தொடுகோட்டில் எப்போதோ போயிருக்கும். அப்படியானால் அங்கே ஏன் கனம் தெரிவதில்லை? பேருந்துத் தகட்டை மறுபடி நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. தகடு என் தோளை மட்டும்தான் தள்ளியது. தோள் மற்ற உடம்பை இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது, அந்த நெருக்கலைத்தான் உணர்ந்தேன். ஈர்ப்பு அப்படித் தோளை மட்டும் தொடுவதில்லை. உடம்பின் ஒவ்வோர் அணுவையும், இருக்கையையும், சுவரையும் ஒரேபோலத் திருப்புகிறது. எதுவும் எதையும் நெருக்க வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வளைந்துகொண்டிருந்தும் அவர்களுக்கு வளைவு தெரியாததற்குக் காரணம் அதுதான்.

எட்டிப் பிடிக்க வேகத்தைக் குறை

நம் உள்ளுணர்வு வட்டப் பாதையில் எவ்வளவு தடுமாறும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க முயன்றார். அது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. அதை நோக்கிக் கலத்தை உந்தினார். உந்த உந்த அது தள்ளித் தள்ளிப் போனது. எரிபொருள் வீணாவதைப் பார்த்து முயற்சியைக் கைவிட்டார்கள்.

சுற்றுப்பாதையில் முன்னோக்கி உந்தினால் பாதை பெரிதாகி உயர்கிறது. உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கும், எனவே பின்தங்கிவிடுவோம். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட வேண்டும். பாதை தாழும், சுற்று சிறிதாகும், முந்திக்கொண்டு போவோம், பிறகு சரியான இடத்தில் மறுபடி உந்தி மேலே ஏறிக்கொள்ளலாம். அதே வருடம் டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7-இன் அருகே போய் நின்றது இப்படிக் கணக்குப் போட்டுத்தான். திறமையான விமானியின் கண்ணும் கையும் தோற்ற இடம் அது.

இதையெல்லாம் படித்த பிறகு மையவிலக்கு விசை என்ற சொல்லையே தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வேகம் எனக்கு வந்தது. அது தவறு. சுழலும் பேருந்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, பேருந்து அசையவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வெளிப்பக்க அம்பு தேவைப்படுகிறது. அங்கிருந்து பார்ப்பவருக்கு நான் அசையாமல் இருக்கிறேன், தகடு என்னை உள்ளே தள்ளுகிறது, எனவே அதைச் சமன்செய்ய ஒன்றை வைத்தாக வேண்டும். பொறியாளர்கள் அப்படிச் செய்கிறார்கள், சரியான விடையும் வருகிறது. நான் செய்த பிழை வேறு. நிலா சுற்றுவதை வெளியிலிருந்து பார்த்து வட்டம் வரைந்துவிட்டு, நிலாவோடு சேர்ந்து சுற்றுபவருக்கு மட்டும் தேவைப்படும் அம்பை அதே படத்தில் கொண்டுவந்து வைத்தேன். வட்டம் தெரிகிற படத்தில் அந்த அம்புக்கு இடமில்லை. அம்பு இருக்கிற படத்தில் நிலா அசையவே கூடாது. பாடப் படங்களில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து போட்டுவிடுகிறார்கள், எத்தனை பிள்ளைகள் இதில் குழம்பிப்போகிறார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வார இறுதியில் அவள் நோட்டை மறுபடி வாங்கிப் பார்த்தேன். என் இரண்டாவது அம்பை ரப்பரால் அழித்திருந்தாள், பேனாவில் வரைந்தது என்பதால் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் நிலாவைத் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் ஒரு புள்ளிக்கோடு. நிலா போக நினைத்த வழி என்று கீழே எழுதியிருந்தாள்.

அன்று இரவு மொட்டைமாடியில் நிலா நன்றாகத் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றிலிருந்து அறுபது வரை மெதுவாக எண்ணினாள். எண்ணி முடித்ததும் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் கீழே தரையை எட்டிப் பார்த்து, "இந்த உயரம் இருக்கும், இல்ல சித்தி?" என்றாள். எங்கள் மாடி அதைவிடக் கொஞ்சம் உயரம். முதல் மாடி சன்னலின் மேல்விளிம்பைக் காட்டி, அங்கிருந்து தரைவரைக்கும் என்றேன். அவள் மறுபடி நிலாவைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.